கேள்விக்குறி போட்ட ஆறுமணிக்குருவி

அன்புள்ள மச்சான்,

நீங்கள் போனபிறகு வரும் முதல் மார்கழி. தூத்துக்குடியில் எதைக் குளிர் என்பது என்று கேட்காதீர்கள். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்திருக்கிறோம்.

நம் குருவி நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. புறவாசலுக்கு வரும் அபூர்வப் பறவையை இருவரும் பார்த்தால் பேனாவால் எழுதலாம். ஒருவர் மட்டும் பார்த்தால் பென்சிலால் எழுதிக் கேள்விக்குறி போட வேண்டும். சட்டம் இயற்றியது நான். கல்லூரியில் விலங்கியல் நடத்தியவன் வேறென்ன செய்வான்?

அந்த நோட்டில் ஒரே ஒரு கேள்விக்குறிதான், உங்களுடையது. இங்கே பக்கத்துப் புதுக்கோட்டையில் உங்கள் வீட்டு வாழையடியில் குளிர்காலத்துக்கு வலசை வரும் ஆறுமணிக்குருவி நிற்கிறது என்று போன் போட்டீர்கள். நான் பஸ் பிடித்து வருவதற்குள் அது போய்விட்டது.

"பச்சை முதுகா? கிளியா இருக்கும் மச்சான்" என்றேன்.

"மாப்ள, எந்தக் கிளி வே சருகக் கிண்டிப் புழு திங்கும்?"

"துறைமுகத்துல கிரேன் மேல இருந்து கப்பலப் பாத்த கண்ணு. குருவியெல்லாம் எங்க தெரியப்போவுது?"

உங்கள் பேரப்பிள்ளைகள் முன்னால் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அதன்பிறகு எந்தப் பறவைக்காகவும் நீங்கள் எனக்குப் போன் போடவில்லை. உங்கள் வாழையடிக்கு ஒன்றுமே வரவில்லையா, மச்சான்?

நேற்றுக் காலை, பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் என் முருங்கையடியில் சருகு அசைந்தது. எலி என்று கம்பை எடுத்தேன். பச்சை முதுகு. இறக்கையில் நீலம். வாலடியில் மிளகாய்ப்பழச் சிவப்பு. அது குட்டை வாலை ஆட்டிக்கொண்டு என்னை ஒருமுறை பார்த்தது.

ஓடிப்போய்ப் போனை எடுத்து உங்கள் எண்ணை அழுத்திவிட்டேன். அது உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொறுமையாக விளக்கினாள். அவள் முடிப்பதற்குள் குருவி போய்விட்டது.

உங்கள் தங்கையிடம் சொன்னேன். தோசையிலிருந்து கண்ணை எடுக்காமல், "கிளியா இருக்கும்" என்றாள். இத்தனை வருஷமாக அந்தப் பதிலைப் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

இன்று உங்கள் கேள்விக்குறியை அழித்துவிட்டு, அந்த வரியின்மேல் பேனாவால் எழுதினேன். சட்டத்தில் இடமில்லை, பரவாயில்லை. அதன்கீழே என் குருவியைப் பென்சிலால் எழுதிக் கேள்விக்குறி போட்டேன். நீங்கள் பார்க்காத குருவியை நான் எப்படி உறுதி செய்வேன்?

அந்தக் கேள்விக்குறியை நான் அழிக்கமாட்டேன், மச்சான். யாரையும் அழிக்கவும் விடமாட்டேன்.

உங்கள் தங்கையைக் கட்டிய,
உங்கள் மாப்பிள்ளை