நீ தின்னாத இறால்

இன்று காலை, ரஹாங்கில் நான் குடியிருக்கும் வீட்டில், என் கண்ணாடித் தொட்டியின் அடியில் இறால் ஒன்று அசையாமல் கிடந்தது. நீண்ட நீலக் கொடுக்குகள், மீசை, கால்கள் எல்லாம் இருந்தன. மருமகள் பார்த்துவிட்டு, "மாமா, செத்துப் போச்சுலா" என்றாள். எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். எடையே இல்லை. வெறும் ஓடு. அதைக் கழற்றிப் போட்ட இறால் குழாய்த் துண்டுக்குள் பதுங்கியிருந்தது.

இது அன்றைக்குத் தெரிந்திருந்தால் நீ சயாமுக்குப் போயிருக்க மாட்டாய்.

ஜப்பான்காரன் காலத்தில், போர்டிக்சன் பக்கத்துத் தோட்டத்தில், துரை விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் இதுபோல ஒரு தொட்டி இருந்தது. ஜப்பான் அதிகாரி வரும்போது சமைத்துக் கொடுக்க, ஆற்றில் பிடித்த இரண்டு பெரிய உடாங் காலா இறால்களை அதில் போட்டு, நம் இருவரையும் பார்த்துக்கொள்ளச் சொன்னார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. லயத்து வீடுகளில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. நாமோ தேங்காய் துருவி இறாலுக்குப் போட்டோம். விரலில் ஒட்டியதை நீ நக்குவாய், நானும்தான். தண்ணீரில் காற்று இறங்க, சிரட்டையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றுவோம். பெரிய இறாலுக்கு நீ வைத்த பெயர் கிராணி. "கிராணியாரு இன்னும் சாப்பிடலடா, யார் மேலயோ கோபம்" என்பாய்.

இரண்டுக்கும் நடுவே நீ மூங்கில் தட்டி ஒன்று கட்டியிருந்தாய். கழுவ இடைஞ்சல் என்று நான் அதைப் பிடுங்கினேன்.

"வேணாம் மச்சான். ரெண்டும் ஆம்பள. அடிச்சுக்கும்."

"ஆத்துல யாருடா வேலி கட்டி வச்சா?"

நான் சொன்னால் சொன்னதுதான். இரண்டு வாரம் ஒன்றும் ஆகவில்லை. உன்னைக் கேலி செய்துகொண்டே இருந்தேன்.

ஒரு நாள் காலையில் தொட்டிக்குள் ஓர் இறால்தான் இருந்தது. பக்கத்தில் உடையாத முழு ஓடு. நமக்கே விளங்கவில்லை. ஆபீஸ் கிராணிக்கு மட்டும் விளங்கிவிட்டது.

"சதைய உறிஞ்சிட்டு ஓட்டப் போட்டு வச்சிருக்கீங்களா? எவன்டா தின்னது? சொல்லலன்னா ரெண்டு பேரும் சயாமுக்குத்தான்."

தட்டியைப் பிடுங்கியதைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய்.

"நான்தாங்க தின்னேன். பசி."

யாரைக் கேட்டு அப்படிச் சொன்னாய்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மறுவாரம் உன்னை லாரியில் ஏற்றினார்கள். சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடப் போனவன் திரும்பவே இல்லை.

ஜப்பான் சண்டை முடிந்த பிறகு நான் இறால் வளர்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். முதுகுப் பக்கம் ஓடு வெடிக்கும். இறால் அதிலிருந்து நழுவி வெளியே வரும். ஓரிரு நாள் உடம்பு மெத்தென்றிருக்கும். அந்த நேரத்தில் இன்னொன்று பக்கத்தில் இருந்தால் தின்றுவிடும். நீ கட்டிய தட்டி சரி. நான் செய்தது தப்பு. இதை எழுதுவது எனக்கு எளிதல்ல. எழுதிவிட்டேன்.

கழன்ற ஓடு ஒன்றை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டு, லோபாக்கில் குடியிருந்த கிராணியைத் தேடிப் போனேன்.

"பழைய கதைலா. விடுப்பா."

"அவன் திங்கலன்னு சொல்லுங்க. சொன்னா போறேன்."

பகல் சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை வாசலில் நின்றேன். சொன்னார். உன்னைத் திருடன் என்ற ஒவ்வொருவர் வீட்டுக்கும் அந்த டின் போனது. என்னைப் பைத்தியம் என்றார்கள். என்னவோ சொல்லிக்கொள்ளட்டும்.

கடைசியாக உன் அம்மாவிடம் போனேன். நான் டின்னைத் திறக்கும் முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"ஊரு என்ன வேணா பேசட்டும்ப்பா. எம்மவன் போறதுக்கு முந்தி ஒரு வேளையாச்சும் நல்லதத் தின்னுட்டுப் போனான். அத நெனச்சாத்தான் எனக்குச் சோறு எறங்குது."

மூடியில் வைத்த கையை எடுத்துக்கொண்டேன்.

"பெருசா இருந்துச்சா அது?" என்று கேட்டார்.

"பெருசுதான் அத்தை. நல்ல சதை."

எவனுக்கும் எதற்கும் மாற்றிப் பேசாதவன் நான். அன்று பேசினேன். உன் அம்மா கண் மூடும்வரை அவருக்கு நீ அந்த இறாலைத் தின்றவன்தான். அதற்காக உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.