ரத்து செய்யச் சொன்ன கார்டு

அருள்புரம்,
ஆவணி 4.

அன்பு மகள் வினிதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குர்கானில் சுகமாக இருக்க சிவன்மலையான் துணையிருக்கட்டும். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி தவிர வேறு குறையில்லை, எனக்கு என்ன குறை என்று சொல்லத்தான் இத்தனை பெரிய தாளை எடுத்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாம், ஆனால் போனில் எதையும் சிரிப்பாக்கித் தப்பித்துவிடுவேன் என்று உனக்கே தெரியும், தவிர அம்மா பக்கத்திலேயே காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊர்ச் சேதி என்றால், எதிர்ச் சந்தில் நம்மைப் போலவே தையல் யூனிட் வைத்திருக்கும் சாமியப்பன் தலைக்குச் சாயம் அடித்துவிட்டு மீசையை மறந்து ஒரு வளைகாப்புக்கு வந்துவிட்டான். இந்த வாரம் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவிடம் பேசியதை நானும் கேட்டேன். வீட்டுக்கடனை வங்கி திருப்பிவிட்டது, உன் பெயரில் ஏதோ கிரெடிட் கார்டு பாக்கி நிற்கிறதாம், எவனோ திருடியிருக்கிறான், மாப்பிள்ளை சைபர் கிரைமில் புகார் கொடுக்கப்போகிறார், மாதக் கடைசிக்குள் கடன் கிடைக்காவிட்டால் ஃபிளாட்டுக்குக் கொடுத்த மூன்று லட்சம் முன்பணமும் போய்விடும் என்றாய். அம்மா, அந்த நாசமாப் போறவன் கை வெளங்காமப் போகோணும் என்று சாபம் விட்டாள். நானும் தலையாட்டினேன். கண்ணு, அந்தக் கைதான் இதை எழுதுகிறது.

நீ இங்கே எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்த்தபோது வாங்கிய கார்டு அது. கல்யாணமாகிப் போகும்போது இதை ரத்து பண்ணிருங்கப்பா என்று என்னிடம் கொடுத்தாய், நானும் சரி என்று பீரோவில் வைத்தேன். உன் பழைய நம்பர் என் போனில் இருப்பதால் வங்கி அனுப்பியதெல்லாம் எனக்கே வந்தது. போன தீபாவளிக்கு, தைத்துக் கொடுத்த பில்லைப் பண்டிகை கழித்துத் தருகிறேன் என்று நமக்கு ஆர்டர் கொடுக்கும் கம்பெனிக்காரர் கைவிரித்துவிட்டார். போனஸ் கையில் விழாமல் ஊருக்குப் போகிற டெய்லர் திரும்பி வந்து வேறு யூனிட் கேட்டில்தான் நுழைவான் என்பது உனக்குத் தெரியாததா, இருந்ததையெல்லாம் துடைத்துப் போனஸ் கொடுத்தேன். அதோடு நின்றிருக்கலாம். நம் டெய்லர் பாண்டியம்மாள் வந்து, சாமியப்பண்ணன் ஆளுக்கொரு குக்கர் குடுக்குறாராம்ண்ணே என்றாள், உடனே இந்த வள்ளல் பீரோவிலிருந்த உன் கார்டைத் தேய்த்து நம் டெய்லர்கள் பதினெட்டுப் பேருக்கும் மூன்று ஜார் மிக்ஸி எடுத்தான். தேய்க்கத் தேய்க்கச் சட்டைப்பையில் காசு குறையவே இல்லை பார், அம்மாவுக்குப் பட்டு, வீட்டுக்குப் பெரிய டிவி, ஊட்டியில் மூன்று நாள், எனக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி என்று ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் போய்விட்டது. பண்டிகை முடிந்து பதினெட்டில் ஏழு பேர்தான் திரும்பினார்கள். பாண்டியம்மாளே போன் போட்டு, மிக்ஸி நல்லா அரைக்குதுண்ணே, ஆனா சாமியப்பண்ணன் ஒரு பீஸ் தைச்சா அம்பது பைசா கூடத் தாராரு என்றாள்.

பில்லில் குறைந்தபட்சத் தொகை ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று போட்டிருந்தது. அதைத்தான் நான் வட்டி என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருஷமாக உள்ளூர் ஃபைனான்ஸில் கடன் வாங்கிப் பழகிய புத்தி அது, மாதம் பிறந்தால் வட்டியைக் கொண்டுபோய் வைத்துவிட்டால் அசலைப் பற்றி எவரும் வாய் திறக்கமாட்டார்கள், வட்டி தவறாத மனுசனுங்க என்று நாற்காலி போடுவார்கள். அதே கௌரவத்தோடு ஐந்து மாதம் கட்டினேன், வங்கியில் என்னைப் பற்றி உயர்வாகப் பேசிக்கொள்வார்கள் என்றுகூட நினைத்தேன். பிறகு ஆர்டர் படுத்துவிட்டது, மூன்று மாதம் கட்டவில்லை. கட்டியது நாற்பத்தாறாயிரம், இன்று நிற்பது இரண்டு லட்சத்து மூவாயிரம். வசூல்காரன் வினிதா மேடம் இருக்காங்களா என்று கூப்பிடுவான், ஒரு தடவை நான் வாட்ச்மேனுங்க என்றேன். அவங்க அப்பாகிட்டக் குடுங்க என்றான், அவரு வெளியே போயிருக்காருங்க என்றேன். உன் பெயர் அங்கே கெடுகிறது என்று எனக்கு உறைக்கவேயில்லை கண்ணு, நம் ஊரில் கடன் வாங்கியவன் பெயர்தானே கெடும்.

இரண்டு ஓவர்லாக் தையல் மெஷினையும் விற்கப் பார்த்தேன். ஊரில் பாதி மெஷின் விலைக்கு நிற்கிறது, பழைய இரும்புக் கணக்கில் கேட்கிறார்கள். அம்மாவின் செயின் உன் கல்யாணத்தில் அடகுக்குப் போனது இன்னும் வரவில்லை. மாதக் கடைசிக்குள் என்னால் புரட்ட முடியாது, எப்படிப் போட்டுப் பார்த்தாலும் முடியாது. நீ கட்டிவிடு என்று சொல்ல முகமில்லை, கட்டாதே என்று சொல்லத் தெம்பில்லை. புகார் கொடுக்க வேண்டாம் என்றும் கேட்கமாட்டேன். மாப்பிள்ளையிடம் இந்தத் தாளையே காட்டிவிடு, அவரிடம் எனக்காகப் பரிந்து பேசி நீ சண்டை இழுத்துக்கொள்ளாதே. அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன், என்றைக்கு என்று மட்டும் கேட்காதே.

வேளைக்குச் சாப்பிடு, வீடு போனாலும் நீங்கள் இருவரும் மனஸ்தாபமில்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். மறக்காமல் முதலில் அந்தக் கார்டை முடக்கிவிடு. ஓடிபி என் போனுக்குத்தான் வரும், அதற்காகவாவது ஒரு தடவை கூப்பிடு. ஆறு எண்ணையும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறேன், வேறெதுவும் பேசமாட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
வேலுமணி