நீ கேட்ட வால்வு

போன வாரம் ஒரு மாலை, உன் மகள் என் நெஞ்சில் காதை வைத்துப் படுத்தாள். என் வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போகிற வயதிலும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. என் உலோக வால்வு போடுகிற டிக் டிக் சத்தம்தானே சிறுவயதில் அவளுக்குத் தாலாட்டு. கொஞ்ச நேரம் கேட்டவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"பெரியம்மா, சத்தம் மங்கிக் கேக்குது. மாடி ஏறுனா மூச்சு வாங்குதுன்னு வேற சொன்னீக. நாளைக்கே மதுரைக்குப் போறோம். பேசாம வாங்க."

அப்படியே உன் குரல். அதைக் கேட்டதிலிருந்து உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன்.

நமக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகாதபோது அந்த மதுரை ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தோம். நான் காரைக்குடியில் பள்ளி ஆசிரியை. நீ கொத்தமங்கலம் பக்கம் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். சின்ன வயதில் மூட்டு வீங்கி வந்த காய்ச்சல் இருவருக்கும் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருந்தது. நெஞ்செலும்பை நடுவே அறுத்துத் திறப்பதைத் தவிர அன்று வேறு வழியில்லை.

எந்த வால்வு என்று டாக்டர் கேட்டார். உலோகம் என்றால் ஆயுசுக்கும் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாதிருக்கத் தினமும் மாத்திரை, பிள்ளை உண்டானால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. மாட்டின் இதயத்தை மூடியிருக்கும் சவ்வில் செய்த வால்வு என்றால் அந்தப் பயம் குறைவு. ஆனால் பத்துப் பதினைந்து வருடத்தில் கெட்டுப்போகும், மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும்.

நான் உடனே உலோகம் என்றேன். மறுபடி ஒருமுறை திறப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

உன் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். "பிள்ளை கெடக்கட்டும் டாக்டர். இவ இருந்தாப் போதும் எனக்கு. இரும்பையே வைங்க."

நீ படுத்தபடியே கையை உயர்த்தினாய். "நீங்க சும்மா இருங்க. டாக்டரய்யா, மாட்டு வால்வே வைங்க. எங்க வீட்டுக்குச் சோறு போடுறதே மாடுதான், நெஞ்சுக்குள்ளயும் கெடந்துட்டுப் போகட்டும். அது கெடுறதுக்குள்ள நீங்கள்லாம் சும்மாவா இருப்பீக? புதுசா ஏதாச்சும் கண்டுபிடிச்சிருப்பீக."

டாக்டர் சிரித்துவிட்டார். உன் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் அழுதார். நீ அழவில்லை.

உனக்கு மகள் பிறந்தாள். நான் கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டேன். லீவு விட்டால் அவள் என் வீட்டில்தான். வருடங்கள் ஓடின. நீ களை எடுத்தாய், நெல் அவித்தாய். டாக்டர் சொன்ன கெடுவும் தவறாமல் வந்தது. வரப்பில் பாதி தூரம் நடப்பதற்குள் நீ உட்கார்ந்துவிடுகிறாய் என்று உன் வீட்டுக்காரர் போன் செய்தார். நான் பயந்தபடியே உன்னோடு மதுரைக்கு வந்தேன்.

ஆனால் டாக்டர் சொன்னது வேறு. "இப்ப நெஞ்சைத் திறக்க வேண்டியதில்ல. தொடையில இருக்கிற ரத்தக்குழாய் வழியா புது வால்வைக் கொண்டுபோய், பழசுக்குள்ளயே விரிச்சு வச்சிரலாம்."

மறுநாள் நீ வராந்தாவில் காபி டம்ளரோடு நடந்து வந்தாய். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு ஒவ்வொரு இருமலுக்கும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாம் துடித்த துடிப்பு எனக்கு நினைவுக்கு வந்தது. நீ என் முன்னால் நின்று இடுப்பில் கை வைத்தாய். "என்னடி, நான் கேட்ட வால்வு எப்புடி?"

அப்புறம் அந்தத் தொற்றுக் காலம் வந்தது. உன் நுரையீரல்தான் தோற்றது. இதயம் கடைசிவரை ஒழுங்காக அடித்தது என்றார்கள். உன்னைப் பார்க்க என்னை விடவில்லை. அந்த ஆற்றாமை இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்போது என் முறை. மறுநாளே மதுரையில் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்; உலோக வால்வைச் சுற்றிச் சதை வளர்ந்து அடைக்கிறதாம். தொடை வழியாக முடியாதா என்று டாக்டரிடம் கேட்டேன்.

"உலோக வால்வுக்குள்ள இன்னொன்னை விரிக்க முடியாதும்மா. அதை எடுத்துத்தான் ஆகணும். ஆனா நடு எலும்பைத் தொட வேண்டாம். வலப்பக்கம் விலா இடுக்குல சின்னதாத் திறந்து, கேமரா வச்சுப் பார்த்துச் செய்யலாம். ஆபத்தே இல்லைன்னு சொல்ல மாட்டேன். தள்ளிப்போட்டா அதைவிட ஆபத்து. உங்க வயசுக்கு எந்த வால்வும் வைக்கலாம், யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு. மாட்டு வால்வே வைங்க."

"அது கெட்டுப்போகுமேம்மா?"

"போகட்டும் டாக்டர். அதுக்கப்புறம் இருக்குற வழியை என் சிநேகிதி நடந்து காட்டிட்டுப் போயிருக்கா."

சொன்ன பிறகுதான் கவனித்தேன், அன்று நான் பயந்து ஒதுக்கிய வால்வையே கேட்டிருக்கிறேன். அந்தத் துணிச்சல் என்னுடையது இல்லை. உன்னிடமிருந்து எப்போது எனக்கு வந்தது என்று தெரியவில்லை; இனி அதை விடுவதாயில்லை.

நாளைக் காலை ஆபரேஷனுக்குக் கிளம்புகிறோம். துணிமணி எடுத்து வைத்துவிட்டு உன் மகள் கேட்டாள், "போற வழியில குன்றக்குடியில எறங்கி, மலைக்குக் கீழ நின்னே முருகனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போவோமா பெரியம்மா?"

"இப்ப வேணாம்த்தா," என்றேன். "திரும்பி வந்து, மேல ஏறிக் கும்பிடுவோம்."