துவைக்கக் கூடாத சட்டை

என் மகளைப் பெற்றவளுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். பச்சை உடம்புக்காரி நீ, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? பாப்பா ராத்திரியில் தூங்கவிடுகிறாளா?

எங்கள் லாண்டரியில் டிரையருக்குப் பின்னால் ஒரு நாய் நான்கு குட்டி போட்டிருக்கிறது. எதற்கும் இன்னும் கண் திறக்கவில்லை. அவை கிடந்த சாக்கு ஒரே அழுக்கு. நாள் முழுக்கத் துவைக்கிறவன் கை சும்மா இருக்குமா? தாய் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் சாக்கை மூலையில் வீசிவிட்டு, வெந்நீரில் அலசிய வெள்ளைப் பெட்ஷீட்டை விரித்தேன். குட்டிகள் திக்குக்கு ஒன்றாக ஊர்ந்து வீல் வீலென்று கத்தின. ஓடிவந்த தாய் என்னைப் பார்த்து உறுமியது. பயப்படாதே, கடிக்கவில்லை. சாக்கை இழுத்துவந்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி அதன்மேல் போட்டு நக்கிக் கொடுத்தது. அப்புறம்தான் சத்தம் அடங்கியது.

எங்கள் மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "கண்ணு தெரியாத புள்ளைங்கய்யா! வாசனைய வச்சுத்தான் அம்மாவத் தேடும். அதைப் போய் தூக்கி எறிஞ்சிட்டியே!"

எங்கள் அறையில் பக்கத்துக் கட்டில்காரர் வெள்ளிக்கிழமை ஊருக்கு வருகிறார். திரும்பும்போது அவரிடம் பாப்பாவின் பாத அளவை நூலில் எடுத்துக் கொடுத்தனுப்பு. அவர் தரும் பையில் என் நீலச் சட்டை இருக்கும். மூன்று நாள் போட்டது. மூக்கைப் பொத்திக்கொண்டு வாளியில் முக்கிவிடாதே. பாப்பா தூங்கும்போது பக்கத்தில் போட்டு வை. நான் வந்து தூக்கும் அன்றைக்கு, யாரோ என்று அவள் அழக்கூடாது.

மணி அடித்துவிட்டார்கள், ஓடுகிறேன்.

உன் வீட்டுக்காரன்