தாடிக்கொம்பு என்று சொல்லிப் போன நாட்கள்

29.8. வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து ஏய்த்துவிட்டுப் போனது. மாதவிலக்கு வந்துவிட்டது, இந்த மாதமும். ஐந்து நாள் தள்ளியதில் என்னென்னமோ நினைத்துவிட்டேன். பெயர்கூட. சேகரிடம் தள்ளிப்போனதைச் சொல்லவில்லை. அதனால் வந்ததையும் சொல்ல வேண்டியதில்லை.

வாங்க: து. பருப்பு, சோப்பு, ஊக்கு.

பக்கத்து வீட்டு ஷகிலா பாப்பாவை நீட்டினாள், செத்த நேரம் வைத்திருங்கள் அக்கா என்று. கையெல்லாம் மாவு என்று பொய் சொன்னேன். பழகிவிட்டால் அப்புறம் கை சும்மா இருக்காது.

1.9. திங்கள்

ஆஸ்பத்திரி. எச்.ஐ.வி. மாத்திரை வாங்கும் நாள். ஷகிலாவிடம் எப்போதும்போல் தாடிக்கொம்பு கோயில் என்று சொல்லிவிட்டு டவுன் பஸ்.

ரத்தத்தில் கிருமி அடங்கியே இருக்கிறதாம். நர்ஸம்மாவுக்குச் சந்தோஷம். அதே வாயோடு பிடித்துக்கொண்டார்: கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை. எங்களுக்கு அந்தப் புற்றுநோய் வர வாய்ப்பு அதிகமாம், முன்னாலேயே பார்த்துவிட்டால் தடுத்துவிடலாமாம். இரண்டு வருடமாக டிமிக்கி கொடுக்கிறேன்.

வரிசையில் பின்னால் நின்றவள் காதோடு சொன்னாள்: "போகாதக்கா. கர்ப்பப்பைய எடுத்துருவாங்க."

என் பயமே அதுதான். புற்றுநோய்கூட அப்புறம். சேகரும் நானும் இதே வரிசையில் பார்த்துக் கட்டிக்கொண்டவர்கள். எங்களுக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னது கிடையாது. பையும் போனால்?

நர்ஸம்மா விடவில்லை. அடுத்த திங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஷகிலா சாயங்காலம், கோயிலுக்குப் போனீங்க, தலையில பூவக் காணோமே என்றாள். அடுத்த தடவை பஸ் ஸ்டாண்டில் ஒரு முழம் வாங்க.

8.9. திங்கள்

தலைக்குக் குளித்தேன். யாரோ பார்க்கப்போகிறார்களே, சுத்தமாகப் போகணும் என்று மஞ்சளைக் குழைத்து உள்ளே வரை பூசிக் கழுவினேன். முதல் புருஷன் செத்தபோது நிறுத்திய மஞ்சள். சேகரைக் கட்டிய பிறகு மறுபடி தொட்டது. கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி போனேன்.

நர்ஸம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். விளக்கை இறக்கிவிட்டார்.

"இம்புட்டு மஞ்சளப் பூசிட்டு வந்தா எனக்கு வெள்ளை எப்பிடிம்மா தெரியும்?"

மருந்து தடவினால் கெட்டுப்போன இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியுமாம். அதைத்தான் பார்க்க வேண்டுமாம். உள்ளே எதையும் போட்டுக் கழுவவே கூடாது, வெள்ளிக்கிழமை வா என்றார். இப்படி வந்ததில் நான் முதல் ஆள் இல்லையாம். வெட்கம் பிடுங்கித் தின்றது.

ஆனால் பஸ்ஸில் நிம்மதி. இன்னும் நாலு நாள் பை என்னுடையது. பூ வாங்க மறக்கவில்லை.

12.9. வெள்ளி

மஞ்சள் இல்லை. வெறும் தண்ணீர்.

வெள்ளை இருந்தது. சின்னதாக, ஓரமாக. டாக்டரம்மாவும் வந்து பார்த்தார். புற்றுநோய் இல்லை, விட்டால் ஆகலாம், இப்போதே சூடு வைத்துக் கருக்கிவிடலாம் என்றார். படுத்தபடியே கேட்டேன், பை இருக்குமா என்று.

"பை எங்கயும் போகாது. பிள்ளை ஆசை இருக்கா?"

இத்தனை வருடத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. மாத்திரை சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள். இருக்கு என்று சொல்வதற்குள் அழுதுவிட்டேன். ஆறட்டும், பிறகு இரண்டு பேரும் வாங்க, பேசலாம் என்றார். அடுத்த வருடம் திரும்பவும் பரிசோதனை.

சூடு வைத்தபோது வயிற்றைப் பிடித்து இழுத்தது, அவ்வளவுதான்.

ஒரு மாதம் சேரக்கூடாது. ஆகவே சேகரிடம் சொல்லியே ஆக வேண்டும். பூட்டுப் பட்டறையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன், போன மாதம் தள்ளிப்போனது உட்பட. கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நாள் தள்ளுனத ஏன் சொல்லல? நானும் அஞ்சு நாள் சந்தோசமா இருந்திருப்பேன்ல."

13.9. சனி

நல்ல வெயில். சூடு வைத்த இடத்திலிருந்து நீர் மாதிரிப் படுகிறது, படும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

துணி காயப்போட. மாவு அரைக்க.

ஷகிலா பாப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். தோளில் தூங்கிவிட்டது. உலை வைத்துவிட்டு வந்து, கொடுங்கக்கா என்றாள். தூங்குது, இருக்கட்டும் என்றேன். அவள் போய் ரொம்ப நேரமாகிறது. இதை ஒரு கையால் எழுதுகிறேன்.