பச்சையில் இருந்த பள்ளிக்கூடம்

அக்டோபர் 6, திங்கள்

சிறுமலை நிலச்சரிவு மேப்பைக் கலெக்டர் ஆபீசில் கொடுத்து ஒரு வாரமாகிறது. சிவப்பு என்றால் ஆபத்து, மஞ்சள் சுமார், பச்சை பயமில்லை. இன்று தகவல் வந்தது: கனமழை என்றால் கரடிப்பாறை ஊர்க்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்கப் போகிறார்களாம். எங்கள் மேப்பில் அது பச்சையாம். ஸ்டீபன்ராஜ் சாருக்கு வாயெல்லாம் பல். முதலாளி சந்தோஷப்பட்டால் ஆபீசுக்கே சமோசா.

நான் சும்மா இருந்திருக்கலாம். அந்தப் பள்ளிக்கூடத்தைச் சேட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் இருக்கும் சரிவில் பிறை வடிவில் ஒரு தழும்பு. சுற்றிலும் பழைய மரங்கள், அதற்குள் மட்டும் புதர். முன்பு எப்போதோ சரிந்த இடம். அப்புறம் எப்படிப் பச்சை?

அக்டோபர் 8, புதன்

கண்டுபிடித்துவிட்டேன். முன்பு எங்கெல்லாம் சரிந்தது என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க, ரோட்டில் விழுந்த மண்ணை அள்ளிய விவரங்களைத்தான் கொடுத்திருக்கிறோம். காட்டுக்குள் சரிந்ததை யார் அள்ளினார்கள்? நேரில் சரிபார்க்கப் போனதும் காரில். கார் நின்ற இடத்தில் இறங்கி, நாலு போட்டோ, திரும்ப ஏறி — அதுதான் எங்கள் கள ஆய்வு. ரோடு இல்லாத இடத்தில் சரிவே வராது என்று கம்ப்யூட்டரும் நம்பிவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு ஒற்றையடிப் பாதைதான். பச்சை அடித்துவிட்டது. ச்சே.

அக்டோபர் 9, வியாழன்

சாரிடம் சொன்னேன். “குடுத்த மேப்ப இப்பப் போயி தப்புங்கிறதா? அடுத்த வேலைக்கு நம்மள வாசல்ல சேப்பாங்களா? ஆதாரத்த ரெடி பண்ணு அஃப்சானா, பாப்போம்.”

பார்ப்போமாம். மழை இவரைக் கேட்டுக்கொண்டா வரும்?

அக்டோபர் 16, வியாழன்

காலையிலிருந்து மழை. பொறுக்க முடியாமல் பேச்சாயி அக்காவுக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்துச் சத்துணவுச் சமையல்காரர். கள ஆய்வுக்குப் போய் ரோட்டோரம் நாங்கள் நின்றபோது வீட்டிலிருந்து கடுங்காப்பி போட்டுக் கொண்டுவந்தவர். மேப்பில் தப்பாகப் பச்சை போட்டுவிட்டோம், அங்கே தங்காதீர்கள், எல்லோரும் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள் என்றேன். “என்ன தாயி இப்பப் போயி சொல்ற” என்றார். ஆனால் ஊர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டார்.

அக்டோபர் 18, சனி

வெயில். ஒன்றும் சரியவில்லை.

பேச்சாயி அக்கா பிடிபிடியென்று பிடித்துவிட்டார். “அம்புட்டுப் பேரும் கல்யாண மண்டபத்துல ஈரத்தோட கெடந்தோம். ஒரு கல்லு உருளல. ஊருல எல்லாரும் என்னையத்தான கேக்குறாக!” சார் தன் பங்குக்கு: “உன்ன யாரு போன் பண்ணச் சொன்னா?”

ஒன்றை எழுதிவிடுகிறேன். இரண்டு நாளும் அந்த மலை சரிய வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. என் கணக்கு சரி என்று ஆகவேண்டுமாம். என்ன மனசு இது? அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அக்டோபர் 29, புதன்

சேட்டிலைட் படத்தில் தெரிந்த பழைய தழும்புகளை எல்லாம் சேர்த்துப் புது மேப் போட்டேன். பள்ளிக்கூடம் சிவப்பு. சார் வெகுநேரம் பார்த்தார். “அனுப்பு. திட்டு வாங்கப்போறது நாந்தான” என்றார்.

நவம்பர் 7

பதில் இல்லை. முகாம் இன்னும் பள்ளிக்கூடம்தான்.

நவம்பர் 11, செவ்வாய்

திண்டுக்கல்லிலேயே முழங்கால் தண்ணீர். மலையில் கேட்கவே வேண்டாம். போன் போட்டேன்.

“மறுபடியுமா? ஒனக்கு வேற வேல இல்லையா தாயி? ஊருல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்ல? போன வையி.”

வைத்துவிட்டார்.

நவம்பர் 12, புதன்

அவர் போன் ஸ்விட்ச் ஆஃப். புதுச் சேட்டிலைட் படம் வந்திருக்கிறது — முழுக்க மேகம். வெள்ளை வெள்ளையாய். வானத்திலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறோம் என்று பீற்றிக்கொள்கிற எனக்கு ஒரு கூரை தெரியவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். எரிந்து விழுந்தேன். பாவம்.

அங்கேதான் படுத்திருப்பார்களோ? பச்சை என்று நாங்கள்தானே சொன்னோம்.

நவம்பர் 13, வியாழன்

ஆபீசில் இருக்கும்போது வேறு யாருடைய நம்பரிலிருந்தோ பேச்சாயி அக்கா பேசினார்.

“சமையக்கட்டு மண்ணுக்குள்ள போயிருச்சு தாயி. பின்னாடி வகுப்பும் போச்சு.”

ஆட்கள்? என்று எப்படியோ கேட்டேன்.

“நாங்க எல்லாரும் கீழதான் இருக்கோம். ஒன்னையத் திட்டிக்கிட்டேதான் எறங்குனோம்.”

திட்டுங்கக்கா, நல்லாத் திட்டுங்க என்று அழுதேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: “இது மாதிரி இன்னும் எத்தன ஊரப் பச்சையாப் போட்டு வச்சிருக்கீக?”

அக்கா கேட்டதைச் சாரிடம் அப்படியே சொன்னேன். அவர் இதுவரை நாங்கள் கொடுத்த மேப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார்.