ஸ்டூல் இருந்த வரி

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

செத்துப்போன தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம். பயப்படாதே, நெட்டில்தான் செத்திருக்கிறேன். என் படத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கில் இரங்கல். நம் சித்தப்பாவும் ஒன்று போட்டிருக்கிறார். போன வாரம்தான் என் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டுப் போன மனுஷன்! போன் ஓயாமல் அடிக்கிறது, அணைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

தையல் கம்பெனியில் அயர்ன் மேஜை முன்னால் பத்து மணி நேரம் நிற்க முடியாமல் நாங்கள் எட்டுப் பேர் தரையில் உட்கார்ந்ததை நீ நெட்டில் எழுதினாய். நன்றாகவே எழுதியிருந்தாய். பகிர்ந்தவர்களில் ஒருவர் நான் மயங்கி விழுந்ததாகச் சேர்த்தார். இன்னொருவர், சூப்பர்வைசரம்மா உதைத்தார் என்றார். மூன்றாம் நாள் நான் காலி.

இப்போது அந்த அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். தன் அறை ஸ்டூலைத் தூக்கிவந்து எனக்குப் போட்டவரே அவர்தானே? போனில் சொன்னேனே அக்கா. ஏன் எழுதவில்லை?

உன் குட்டி

ஜூன் 15

என் தங்கமே,

ஸ்டூல் இருந்த வரியை நான்தான் அழித்தேன். எழுதி முடித்துப் படித்தபோது, அந்த இடம் வந்ததும் கோபம் ஆறிவிட்டது. கோபம் ஆறினால் யார் பகிர்வார்கள்? உனக்காகத்தான் செய்தேன் என்றால் அது பாதிதான் உண்மை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று எல்லாவற்றையும் ஸ்டூலோடு எழுதினேன். நீ உயிரோடு இருக்கிறாய் என்றும் எழுதினேன். முதலில் எழுதியதை மூன்று லட்சம் பேர் பகிர்ந்தார்கள். இதைப் பதினோரு பேர். அதிலும் ஒருவர், கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்கிறார். நேற்று எழுதியதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். என்னை மன்னிப்பாயாடி?

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்கா,

உன் தாளில் எட்டுப் பேரும் கையெழுத்துப் போட்டு முதலாளி அறைக்குப் போனோம். "அவங்க வந்தாத்தான் எங்க அயர்ன் சூடாகும்" என்றோம். இரண்டு நாள் இழுத்தடித்தார்.

இன்று காலை அந்த அம்மா வந்துவிட்டார். உன் தாளை நின்றபடியே இரண்டு தடவை படித்தார். கண் கலங்கியது, எனக்கும்தான். பிறகு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளி, "செத்தவளுக்கு என்னடி கால் வலி? உக்காரு" என்றார். மீதி ஏழு ஸ்டூல் இன்னும் வரவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், இப்போது அவரும் சேர்ந்து.

உன்மேல் கோபம் இருக்கிறது அக்கா, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இது உன் கைக்கு வரும்போது என் போன் ஆன் ஆகியிருக்கும். கூப்பிடு.

உன் குட்டி